வெர்சாய் அரண்மனை: கைடோட சைக்கிள்ல போறதா, நாமளே ரயில் ஏறிப் போறதா?

பாரிஸ் போறேன்னு சொன்னாலே அடுத்த கேள்வி இதான், வெர்சாய்க்கு டூர் புக் பண்ணணுமா இல்ல நாமளே போயிடலாமா. நான் ரெண்டும் பண்ணிப் பாத்தாச்சு. மொத தடவை நானே டிக்கெட் எடுத்து தனியா போனேன், ரெண்டாவது தடவை வீட்டுக்காரரோட, கைடு கூட்டிட்டுப் போற ஒரு நாள் சைக்கிள் டூர்ல. முன்னாடியே சொல்லிடறேன், நான் சைக்கிள் கட்சி.

காசுன்னு பாத்தா சொந்தமா போறதுதான் சீப், அதுல பேச்சே இல்ல. ரயிலும் ரெண்டுக்கும் பாரிஸ்லேர்ந்து போற அதே ஆர்இஆர் சி புறநகர் ரயில் லைன்தான், டூர்லயும் அதுலதான் கூட்டிட்டுப் போனாங்க, சைக்கிளெல்லாம் வெர்சாய் ஊருக்குள்ள ஒரு ஷெட்ல இருந்துச்சு. பஸ் டூர்ல நான் போனதில்ல, எங்க அத்தையும் மாமாவும் போனாங்க, அரண்மனைய மட்டும் பாத்துட்டு மத்தியானமே திரும்பிட்டாங்க, அவங்களுக்கு அது போதும்.

எனக்கு முடிவு பண்ணது ஒரே விஷயம், அங்க இருக்கற தூரம். அரண்மனைன்னதும் ஒரு பெரிய கட்டடம்னு நெனச்சுதான் போறோம், ஆனா மொத்த வளாகம் 800 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 2000 ஏக்கர். பதினாலாம் லூயி ராஜா வெட்டின கால்வாய் மட்டுமே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல நீளம், சிலுவை மாதிரி வடிவம், ஓரமாவே ஒரு சுத்து வந்தா அஞ்சரை கிலோமீட்டர் ஆகுது. அரண்மனைலேர்ந்து ட்ரியனான் மாளிகைக்கு நடந்தா அரை மணி நேரம்.

மொத தடவை நான் பண்ண தப்பு, காலைல 9 மணிக்கே அரண்மனை வாசல்ல போய் நின்னேன். ஊர்ல உள்ள அத்தனை பேரும் அதே நேரத்துக்குத்தான் வர்றாங்க, 73 மீட்டர் நீள கண்ணாடி மண்டபத்துல 357 கண்ணாடி இருக்காம், நான் பாத்தது தூக்கிப் பிடிச்ச போனுங்களத்தான். வெளிய வந்து தோட்டத்துல இறங்கி கால்வாய் வரைக்கும் நடந்தப்பவே கால் வலி, சரின்னு அங்கயே ஒரு மணி நேரத்துக்கு சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். நல்லாதான் இருந்துச்சு, ஆனா தோட்டத்துக்குள்ள சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, வெளிய இருக்கற பார்க்ல மட்டும்தான் ஓட்டலாம். அதனால எடுத்த எடத்துலயே சைக்கிள விட்டுட்டு, அந்த ஏத்தத்துல திரும்ப அரண்மனை வரைக்கும் நடந்து, அங்கேர்ந்து ஸ்டேஷனுக்கு வேற நடந்தேன். ட்ரியனான் பக்கமே போகல.

டூர்ல இத அப்படியே தலைகீழா மாத்திட்டாங்க. காலைல ஊருக்குள்ள நோத்ர்தாம் சந்தை, வெள்ளிக்கிழமைங்கறதால வெளியிலயும் கடை போட்டிருந்தாங்க, ரொட்டி, சீஸ், பீச் பழம் எல்லாம் வாங்கி சைக்கிள் கூடைல போட்டோம் (வீட்டுக்காரர் நம்பிக்கையில்லாம முந்தின நாளே பாரிஸ்ல லா ஷப்பேல் ஏரியா தமிழ்க்கடைல வாங்கி வெச்ச வடை தனியா ஒரு பொட்டலம்). அப்புறம் ஊர்த்தெரு வழியாவே பார்க் கேட்டுக்குள்ள நுழைஞ்சுட்டோம், தோட்டத்த தொடவே வேண்டியதில்ல. ட்ரியனான் மத்தியானம் 12 மணிக்குத்தான் தொறப்பாங்க, சரியா அந்த நேரத்துக்குப் போய் நின்னோம். பிரான்ஸ் மகாராணி மரி அந்துவானெத் 1783ல கட்ட ஆரம்பிச்ச குட்டி கிராமத்தையும் பாத்தோம், குளம், பண்ணை, ஓலை வேய்ஞ்ச வீடுன்னு மகாராணிக்காக செட்டு போட்ட மாதிரி ஒரு ஊரு, வெளிய ஜனங்க ரொட்டிக்கு அல்லாடிட்டு இருந்த காலத்துல. கைடு அத சொல்லும்போது சும்மா அழகா இருக்குன்னு பாத்துட்டு வர முடியல. கால்வாய்க் கரைல சாப்பாடு, கடைசியா சாயங்காலம்தான் அரண்மனை, அப்ப கூட்டம் நல்லாவே கொறஞ்சிருந்துச்சு. நாங்க உள்ள இருந்த நேரம் சைக்கிளுக்கு கைடு காவல், பூட்டு சாவின்னு எந்தத் தலைவலியும் இல்ல.

குறையும் இருக்கு. அரண்மனைக்குள்ள கைடு வரல, கைல ஒரு ஆடியோ கருவி கொடுத்து அனுப்பிட்டாங்க, உள்ள கெடச்சது ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு ஓவியமா நின்னு பாக்கறவங்க, முதல் உலகப்போர முடிச்ச 1919 ஒப்பந்தம் கையெழுத்தான அந்தக் கண்ணாடி மண்டபத்துல கொஞ்ச நேரம் உக்காந்து யோசிக்கணும்னு இருக்கறவங்க சொந்தமா போறதுதான் நல்லது. அரண்மனை முன்னாடி கல்லு பாவின தரைல சைக்கிள உருட்டிட்டுதான் போகணும். எங்களுக்கு வெயில் நாள், மழைல இது எப்படி இருக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்.

அம்மாவ கூட்டிட்டுப் போறதா இருந்தா நான் இத எடுக்க மாட்டேன், பத்து பதினஞ்சு பேர் கூட்டத்தோட ஈடு குடுத்து ஓட்டணும், ஊருக்குள்ள கார் வர்ற ரோடும் உண்டு. அவங்களுக்கு அரண்மனைக்கும் ட்ரியனானுக்கும் நடுவுல ஓடற குட்டி ரயில் போதும். எப்படிப் போனாலும் திங்கக்கிழமை மட்டும் வேணாம், அன்னைக்கு அரண்மனை லீவு.