நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மீஞ்சூர், மணலி புதுநகர், செங்குன்றம் பக்கம் காலி மனையில் ஒரு கொட்டகை போட்டு முட்டைக்கும் கறிக்கும் நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஒரு மாதக் குஞ்சு, எல்லாத் தடுப்பூசியும் போட்டது, 80 சதவீதம் பெட்டை, வளர்ந்ததும் நாங்களே திரும்ப எடுத்துக்கொள்வோம்" என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பி ஒரு ஆள் விற்றுக்கொண்டிருக்கிறார். பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதோடு பண்ணைப் பெயரையும் போன் நம்பரையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார், அதனால் அவர் ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

மீஞ்சூர் தாண்டி எங்கள் மாமனார் விட்டுப்போன கொஞ்சம் நிலம் இருக்கிறது. அண்ணியும் நானும் சேர்ந்து அதில் கொட்டகை போட்டோம். கம்பி வலை, கீழே பரப்ப உமி, நொய், தவிடு எல்லாம் ஏற்பாடு ஆனது. செங்குன்றத்தில் ரைஸ் மில்கள் இருப்பதால் இந்தப் பக்கம் உமிக்கும் நொய்க்கும் அலைய வேண்டியதில்லை. 200 குஞ்சு, ஒன்று 110 ரூபாய். பாதிப் பணம் ஜிபேயில் முன்பணம், மீதி வண்டி வந்ததும். பண்ணையைப் பார்க்க வரட்டுமா என்று அண்ணி கேட்டதற்கு, "வெளியாள் உள்ள வந்தா நோய் வந்துடும் சிஸ்டர், அதான் யாரையும் விடுறதில்ல" என்றார். கேட்கும்போது இது நியாயமாகத்தான் படும். உண்மையான பண்ணைகளும் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் அவர்கள் வாசலில் நிற்க வைத்தாவது பொரிப்பகத்தைக் காட்டுவார்கள், யாரிடம் முட்டை வாங்குகிறோம் என்று சொல்வார்கள், பில் கொடுப்பார்கள். இவரிடம் பொரிப்பகமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கங்கே சந்தையிலும் சின்னப் பண்ணைகளிலும் மிச்சம் மீதியைப் பொறுக்கிச் சேர்த்து விற்கும் இடைத்தரகர்.

குஞ்சுகள் கத்திரி வெயிலில், நடுப்பகலில், டாடா ஏஸில் வந்து இறங்கின. பிளாஸ்டிக் கிரேடுக்குள் நெருக்கி அடைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. வெல்லம் கரைத்த தண்ணீர் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். சிலவற்றுக்கு இறக்கை முழுதாக முளைத்து உடம்பிலும் சிறகு வந்திருந்தது, சிலவற்றுக்குத் தலையிலும் முதுகிலும் பிறந்த பஞ்சு முடி அப்படியே இருந்தது. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள் கொஞ்சம் முன்பின் வளரும்தான், இவ்வளவு வித்தியாசம் வராது. டிரைவரிடம் கேட்டால், "எனக்கு இன்னா தெரியும்க்கா, ஏத்தி விட்டாங்கோ, எறக்குறேன்" என்றார். போனில் கேட்டால், "நாட்டு இனம் அப்டிதான் சிஸ்டர் இருக்கும், ஒன்னும் ஆவாது."

ஒரு வாரம் முழுதாகக் கூட ஆகவில்லை. முதலில் சில குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி மூலையில் நின்றன. தீனி எடுக்கவில்லை. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் போனது. ஒரு குஞ்சு கழுத்து திருகி, தலை முதுகுப் பக்கம் போய், நடக்கப் பார்த்தால் பின்னாலேயே போய் விழுந்தது. அண்ணி அதை மடியில் வைத்து சிரிஞ்சில் தண்ணீர் விட்டுப் பார்த்தார், இறங்கவே இல்லை. அடுத்தடுத்துக் காலையில் கொட்டகையைத் திறந்தால் கொத்தாகச் செத்துக் கிடந்தன.

கால்நடை மருந்தகத்துக்கு அப்போதுதான் செத்த ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினோம். டாக்டர் நியூஸ் பேப்பரை விரித்து அறுத்தார். முன் இரைப்பையைப் பிளந்து கத்தரி முனையால் காட்டினார், உள்பக்கம் முழுக்க குண்டூசித் தலை அளவுக்கு ரத்தப் புள்ளிகள். "வெள்ளைக் கழிச்சல்மா, ராணிக்கெட். ஊசி போட்ட சீட்டு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. வண்டியோடு கொடுத்து அனுப்பிய ஜெராக்ஸ் சீட்டை நீட்டினோம். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பி எங்களிடமே காட்டினார். மருந்தின் பேட்ச் நம்பருக்குக் கீழே காலாவதித் தேதி அச்சில் இருந்தது. ஊசி போட்டதாகப் பேனாவில் எழுதியிருந்த தேதி அதற்குப் பிந்தையது. அதாவது அந்தச் சீட்டை அப்படியே நம்பினாலும், போட்டது காலாவதியான மருந்து.

பிறகு திருவொற்றியூரில் அதே ஆளிடம் வாங்கிய இன்னொருவரைக் கண்டுபிடித்தோம். அவர் வாங்கியது எங்களுக்குப் பல மாதம் முன்னால். அவர் கையிலும் ஒரு சீட்டு. அதே பேட்ச் நம்பர், அதே கோணல் கையெழுத்து, ஓரத்தில் அதே மை கறை. தேதி மட்டும் வேறு. ஒரே காகிதத்தை வருஷம் முழுக்க ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

போன் பண்ணினால் வந்த பதில் என்ன தெரியுமா? "உங்க பராமரிப்பு சரியில்ல சிஸ்டர். தண்ணி மாறுனா கோழிக்கு ஒத்துக்காது." திருவொற்றியூர்க்காரருக்கும் இதே பதில்தான். தண்ணீர் மாறினால் ராணிக்கெட் வராது. அது வைரஸ். தொற்றியதிலிருந்து வெளியே தெரிய பொதுவாக 2 முதல் 15 நாள் வரை ஆகும் என்று டாக்டர் சொன்னார். எங்கள் கொட்டகை புதுசு, அதற்கு முன் அங்கே ஒரு கோழி கூட இருந்ததில்லை, சுற்றுவட்டத்திலும் கோழி இல்லை. வந்த ஒரு வாரத்துக்குள் விழ ஆரம்பித்தது என்றால் நோய் பெரும்பாலும் அந்த கிரேடிலேயே வந்திருக்கிறது. பல இடத்துக் குஞ்சுகளை ஒன்றாகக் கலந்தால் ஒன்றிடம் இருப்பது எல்லாவற்றுக்கும் போகும். வயது வித்தியாசத்துக்குக் காரணமும் அதுதான்.

குஞ்சு வாங்கும்போது நாம் காசு கொடுப்பதில் பாதி கண்ணுக்குத் தெரியாத விஷயங்களுக்கு. ஊசி போட்டதா இல்லையா என்பது குஞ்சைப் பார்த்தால் தெரியாது. இனம் வளர்ந்த பிறகுதான் தெரியும். பெட்டையா சேவலா என்பது கொண்டைக்கு ரத்தம் ஏறி வரும்வரை பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. விற்கிறவரின் வாய்ச்சொல்லைத்தான் வாங்குகிறோம், அதனால் அந்தச் சொல்லுக்கு ஆதாரம் இல்லாமல் பத்து ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

என்ன ஆதாரம் என்றால், முதலில் பொரித்த தேதி. அது தெரிந்தால் ஊசிக் கணக்கு தானாக வந்துவிடும். பொரித்த முதல் நாளே பொரிப்பகத்தில் மேரக்ஸ் என்ற வைரஸ் நோய்க்கு ஊசி, 5 முதல் 7 நாளுக்குள் ராணிக்கெட்டுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு (எஃப் ஸ்ட்ரெயின் அல்லது லசோட்டா என்ற தடுப்பு மருந்து), இரண்டு வாரத்தில் கம்போரோ என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கு மருந்து, நாலு வாரத்தில் மறுபடி லசோட்டா, எட்டு வாரத்துக்கு மேல் ராணிக்கெட்டுக்குத் தோலடி ஊசி. ஆக, ஒரு மாதக் குஞ்சு என்று விற்பவர் ராணிக்கெட்டுக்கு மட்டுமே இரண்டு தேதி சொல்ல வேண்டும். இவர் கொடுத்த சீட்டில் ஒரே தேதிதான் இருந்தது. மருந்துக் குப்பியையும் காட்டச் சொல்லுங்கள். அது 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் வைக்க வேண்டிய மருந்து, கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். பிரிட்ஜே இல்லாத இடத்தில் ஊசி போட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

80 சதவீதம் பெட்டை என்பதையும் சொல்ல வேண்டும். இயற்கையில் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் பொரியும். 80 வேண்டுமென்றால் சேவல் குஞ்சுகளைப் பிரித்து எடுத்திருக்க வேண்டும். எந்த வயதில் பிரித்தீர்கள், பிரித்த சேவல்கள் எங்கே என்று கேளுங்கள். எங்களிடம் பிழைத்துக் கிடந்த ஐம்பது சொச்சத்தில் பெரும்பாலும் சேவல்கள். அதுவும் சிறுவிடை (சின்ன உருவமுள்ள நம்ம ஊர் நாட்டுக்கோழி) என்று சொல்லி விற்றவை, காலும் கழுத்தும் நீண்டு வேறு உருவத்தில் வளர்ந்தன. மிஞ்சிய சில பெட்டைகள் முட்டை போடுகின்றன, ஆனால் ஒன்று கூட அடைக்கு உட்காரவில்லை. நம்ம ஊர்ச் சிறுவிடை சில முட்டை போட்டதுமே கூடையை விட்டு எழாமல் கொத்த வரும். அடையே படுக்காத கோழி பெரும்பாலும் கலப்பு. கலப்புக் கோழி கெட்டது என்று சொல்லவில்லை, முட்டை அதுதான் அதிகம் போடும். கலப்பு என்று சொல்லி அதற்கான விலைக்கு விற்கட்டும்.

அடுத்தது "திரும்ப எடுத்துக்கொள்வோம்". இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நிறைய பேர் நகையை அடகு வைத்துக் காசு கொடுக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கிலோ 350 ரூபாய்க்கு எடுப்பதாக எங்களுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். பிழைத்த சேவல்களை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது எடை பத்தவில்லை என்றார், அப்புறம் கலர் சரியில்லை என்றார், அப்புறம் தன்னிடம் தீவனம் வாங்கிப் போட்டால்தான் எடுப்பேன் என்றார், அப்புறம் போனே எடுக்கவில்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் பிராய்லர் ஒப்பந்தப் பண்ணைகள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியே கொடுக்கும், வளர்த்துக் கொடுத்ததற்கு விவசாயிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வரும். அதிலும் குறைகள் உண்டு, ஆனால் குஞ்சுக்கு நாம் பணம் கட்டுவதில்லை. முதலில் நம்மிடம் பணம் வாங்கிக்கொண்டு பிறகு வாங்குவேன் என்று சொல்பவருக்கு, விற்ற அன்றே லாபம் முடிந்துவிடுகிறது. நம் கோழி வளர்ந்தால் என்ன, செத்தால் என்ன? பணம் கட்டினால் குஞ்சு தந்து லாபமும் தருவோம் என்று வசூல் செய்த 2012 பெருந்துறை ஈமு கோழி விவகாரத்தில் எத்தனை குடும்பம் பணத்தை இழந்தது என்பது மறந்தா போய்விட்டது?

நம்ம பக்கத்திலேயே கேட்க இடம் இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமே மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. நந்தனம் கோழி அந்தப் பல்கலைக்கழகம் உருவாக்கியதுதான். குஞ்சு எப்போது கிடைக்கும், எங்கே பதிவு செய்வது என்று அங்கே கேளுங்கள், காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். கோழிக்கழிச்சல் (இந்த ராணிக்கெட்தான்) தடுப்பு மருந்து அரசுக் கால்நடை மருந்தகங்களிலேயே இலவசமாகப் போடுகிறார்கள், பிப்ரவரியில் ஊர் ஊராக முகாமும் நடக்கும். கோழி செத்தால் ஃப்ரீசரில் வைக்காமல் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள், உறைந்துபோனால் அறுத்துப் பார்த்துச் சொல்வது கஷ்டம். செத்த மற்ற கோழிகளைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கொசஸ்தலை ஆற்றில் வீசிவிட்டுப் போ என்று எங்களுக்கும் யோசனை சொன்னார்கள். அது ஊரெல்லாம் நோயைப் பரப்பும் வேலை, தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் மெசேஜ், வாய்ஸ் நோட், சீட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த அறிக்கை எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நடந்ததிலிருந்து இரண்டு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது. "வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் ஆகாது" என்று பயமுறுத்துவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியதை அந்தச் சட்டம் வியாபார நோக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு குஞ்சே அனுப்பாமல் மறைந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

எங்கள் புகாரோடு திருவொற்றியூர்க்காரரின் சீட்டையும் சேர்த்திருக்கிறோம். ஓரத்தில் மை கறை உள்ள அதே ஜெராக்ஸ் உங்கள் கையிலும் இருந்தால் தூக்கிப் போடாமல் எனக்குத் தனிச்செய்தியில் படம் அனுப்புங்கள், எத்தனை சீட்டு சேர்கிறதோ அவ்வளவுக்கு வழக்கு பலமாகும்.