யார் கணக்கில் முதலிடம்? 1960களின் பிரிட்டிஷ் பாட்டுப் பட்டியல்கள்

பீட்டில்ஸின் முதல் நம்பர் 1 பாட்டு எது? நீங்கள் எந்தப் பத்திரிகையைப் புரட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும். 1963 ஜனவரியில் வந்த ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’, நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸிலும் (சுருக்கமாக என்எம்இ) மெலடி மேக்கரிலும் உச்சிக்குப் போனது. ரெக்கார்ட் ரீடெய்லரில் மட்டும் பாடகர் ஃபிராங்க் ஐஃபீல்ட் வழிவிடவில்லை, பீட்டில்ஸ் இரண்டாம் இடத்தோடு நின்றார்கள். இன்று அதிகாரபூர்வம் என்று சொல்லப்படுவது இந்த ரெக்கார்ட் ரீடெய்லர் கணக்குதான். 2000இல் பீட்டில்ஸின் முதலிடப் பாடல்கள் 27ஐத் தொகுத்து ‘1’ ஆல்பம் வந்தபோது, இந்தப் பாட்டுக்கு அதில் இடமில்லை.

இந்தப் பட்டியல்களில் மூத்தது என்எம்இயுடையது. 1952 நவம்பர் 14 இதழுக்காக அந்தப் பத்திரிகையைச் சேர்ந்த பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 ரெக்கார்ட் கடைகளுக்கு போன் போட்டு, எது நன்றாகப் போகிறது என்று கேட்டார். பிரிட்டனின் முதல் விற்பனைப் பட்டியல் அப்படிப் பிறந்தது. பெயருக்கு டாப் 12; சில இடங்களில் சமநிலை வந்ததால் உள்ளே 15 பாட்டுகள்! முதலிடம் அமெரிக்கப் பாடகர் அல் மார்ட்டினோவுக்கு. 1956இல் மெலடி மேக்கரும் தன் பட்டியலைத் தொடங்கியது.

ரெக்கார்ட் ரீடெய்லர் வேறு ரகம். அது ரசிகர்கள் வாங்கும் இதழ் இல்லை, கடைக்காரர்களுக்கான வியாபாரப் பத்திரிகை. 1960 மார்ச்சில் டாப் 50 போட ஆரம்பித்தபோது அது விசாரித்தது வெறும் 30 கடைகளை. அதே சமயம் என்எம்இ நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் எப்படி இது ‘அதிகாரபூர்வம்’ ஆனது? பட்டியலின் நீளம்தான் காரணம். என்எம்இயில் 30 பாட்டுகள், இதில் 50. 1977இல் கின்னஸ் ஹிட் பாடல் புத்தகத்தைத் தொகுத்தவர்கள், 1960 மார்ச் வரை என்எம்இயையும் அதன்பின் ரெக்கார்ட் ரீடெய்லரையும் எடுத்துக்கொண்டார்கள். புத்தகம் நன்றாக விற்றது, கணக்கும் நிலைத்துவிட்டது. அந்தக் காலத்து ரசிகனைக் கேட்டால், அப்படி ஒரு பத்திரிகை இருப்பதே தெரியாது என்றிருப்பான்.

பிபிசி என்ன செய்தது? எந்தப் பத்திரிகையோடும் சேராமல், எல்லாப் பட்டியல்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1968 ஆகஸ்டில் பீ ஜீஸ், பீச் பாய்ஸ், ஹெர்ப் ஆல்பர்ட் மூவரும் ஒரே வாரத்தில் முதலிடத்தில் வந்து நின்றார்கள். இந்தக் கூத்துக்குப் பிறகு, 1969 பிப்ரவரியில் பிபிசியும் ரெக்கார்ட் ரீடெய்லரும் சேர்ந்து பிஎம்ஆர்பி என்ற ஆய்வு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தன. சுமார் 250 கடைகள் விற்பனையைக் குறித்துத் தபாலில் அனுப்பின. அதிலிருந்துதான் எனக்கு இந்தப் பட்டியல்மேல் நம்பிக்கை வருகிறது. 1971 தபால் வேலைநிறுத்தத்தில் அதுவும் தடுமாறியது, அது வேறு கதை.

சரி, எதை நம்புவது? 1960களில் முதலிடம் யாருக்கு என்ற கேள்விக்கு என் ஓட்டு என்எம்இக்கு. 30 கடையைவிட 100 கடை மேல், அவ்வளவுதான். 35ஆம் இடம், 42ஆம் இடம் வரை வந்து மறைந்த சின்னப் பாட்டுகளைத் தேடுகிறீர்களா? ரெக்கார்ட் ரீடெய்லரைப் புரட்டுங்கள். மெலடி மேக்கரை முரண்பாடுகளைச் சரிபார்க்க மட்டும் எடுப்பேன். 1967இல் பீட்டில்ஸின் ‘பென்னி லேன்’ அதில் முதலிடம். மற்ற இரண்டிலும் நம்ம சென்னையில் பிறந்த எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கின் ‘ரிலீஸ் மீ’ அதை மேலே வரவிடவில்லை. அந்த ஆண்டு பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிளும் ‘ரிலீஸ் மீ’தான் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் ரெக்கார்ட் ரீடெய்லரோடு எனக்குச் சண்டையில்லை.