சி.என்.சி ரவுட்டர்: ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

கோவையில் என் பட்டறையில் 600 × 900 மி.மீ. வேலைப்பரப்பு உள்ள சி.என்.சி ரவுட்டரை (கணினி சொல்லும் பாதையில் சுழலும் பிட்டால் வெட்டும் மெஷின்) நானே கட்டி, சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். தேக்குக் கதவு வேலைப்பாடு ஒரு பக்கம், 10 மி.மீ. அலுமினிய பிளேட்டில் பிராக்கெட், ஃபிக்சர் இன்னொரு பக்கம். மரத்தை மட்டும் வெட்டினால் சுமாரான மெஷினிலும் காலம் தள்ளிவிடலாம். அலுமினியத்தில் அது நடக்காது. பிட் கீச்சிடும், ஓரம் அலையலையாக வரும்.

கட்டப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கேன்ட்ரிக்கு, அதாவது டேபிளுக்கு மேலே குறுக்கே நிற்கும் பாலத்துக்கு, எவ்வளவு கனமான டியூப் போட வேண்டும் என்பதுதான். 100×100×6 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) டியூபை 900 மி.மீ. நீளத்துக்குத் தாங்கி, நடுவில் 10 கிலோ விசை கொடுத்தால், கணக்குப்படி வளைவு 0.003 மி.மீ.கூட வராது. அப்படியென்றால் பிட் நுனியில் தெரியும் ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

கண்டுபிடிக்க, நுண்ணிய நகர்வை அளக்கும் ஒரு டயல் கேஜும் ஒரு ஸ்பிரிங் தராசும் போதும். பிட்டைக் கவ்வும் கோலெட்டில் 12 மி.மீ. கார்பைட் தண்டைப் பிடித்து, தராசை மாட்டி 10 கிலோவுக்குப் பக்கவாட்டில் இழுங்கள். டயலை முதலில் கேன்ட்ரி டியூபில் வையுங்கள், பிறகு கேரேஜ் பிளேட் (கேன்ட்ரியில் பக்கவாட்டில் ஓடுவது), இசட் பிளேட் (மேலும் கீழும் ஓடுவது), ஸ்பிண்டில் கிளாம்ப் (பிட்டைச் சுழற்றும் மோட்டாரைப் பிடிப்பது), கடைசியாகத் தண்டின் நுனி. ஓர் இடத்து ரீடிங்குக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம், எந்த ஜாயின்ட் விட்டுக்கொடுக்கிறது என்று காட்டிவிடும். முன்பு வைத்திருந்த ரெடிமேட் மெஷினில் நுனி 0.3 மி.மீ.க்கு மேல் நகர்ந்தது. அதில் பெரும்பகுதி கேரேஜுக்குக் கீழேதான் சேர்ந்தது. கேன்ட்ரி கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும், 200 மி.மீ. கீழே தொங்கும் நுனியில் அது பல மடங்காகத் தெரியும்.

அதனால் புது மெஷினில் என் கவனமெல்லாம் இசட்டில்தான். டேபிளுக்கும் கேன்ட்ரிக்கும் இடைவெளி 130 மி.மீ. மட்டும். உயரமான பொருள் வெட்ட முடியாது, ஆனால் கதவுக்கும் பிளேட்டுக்கும் இது தாராளம். கேன்ட்ரிக்கு 150×100 டியூப். காரணம் வளைவு இல்லை: உயரம் கூடினால் மேல் ரெயிலையும் கீழ் ரெயிலையும் தள்ளி வைக்கலாம், ரெயிலில் ஓடும் பிளாக்குகள் விலக விலக முறுக்கு குறையும். இசட் பிளேட் 20 மி.மீ. இப்போது நுனியில் ரீடிங் 0.04 மி.மீ. சுற்றி நிற்கிறது.

ஃபிரேமை வெல்டிங் செய்ததும் அப்படியே ரெயில் பூட்டக் கூடாது. வெல்டிங் சூட்டில் டியூப் கோணிக்கொள்ளும். 600 டிகிரி அளவில் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (சூடேற்றி மெதுவாக ஆறவிட்டு உள் இறுக்கத்தைப் போக்குவது) முடித்து, ரெயில் உட்காரும் பரப்புகளைப் பிளேனோ மில்லிங் என்ற பெரிய மெஷினில் ஒரே செட்டிங்கில் எடுத்தேன். டியூபுக்குக் கொடுத்த காசைவிட இதற்குக் கொடுத்தது அதிகம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. மில்லிங் வசதி கிடைக்காத ஊரில் எபாக்சி ஊற்றி மட்டம் எடுக்கிறார்கள். பொறுமை இருந்தால் அதுவும் சரிப்படும்.

ரெயில் 20 மி.மீ. ப்ரொஃபைல், அச்சை நகர்த்தும் பால் ஸ்க்ரூ 1610 (16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகர்வு). அதன் துல்லியத்தைக் குறிக்கும் சி7 கிரேடில் 300 மி.மீ.க்கு 0.05 மி.மீ. பிசகு வரலாம், என் வேலைக்கு அது போதும்.

ஸ்பிண்டில் 2.2 கிலோவாட் வாட்டர் கூல்ட், 400 ஹெர்ட்ஸில் 24,000 ஆர்.பி.எம். அலுமினியத்துக்கு 6 மி.மீ. சிங்கிள் ஃப்ளூட் (ஒரே பல்) பிட், 18,000 ஆர்.பி.எம்., பல்லுக்கு 0.05 மி.மீ. சில்லு. பெருக்கினால் ஃபீட் (பிட் முன்னேறும் வேகம்) நிமிடத்துக்கு 900 மி.மீ. ஆடுகிற மெஷினில் பயந்து ஃபீடைக் குறைப்போம். குறைத்தால் பிட் வெட்டாமல் தேய்க்கும், சூடேறும், அலுமினியம் உருகிப் பல்லில் ஒட்டும், பிட் முறியும். விறைப்பு இருந்தால்தான் சரியான ஃபீடில் துணிந்து போக முடியும்.

பிட்டையும் மறக்கக் கூடாது. 30 மி.மீ. நீட்டிய பிட்டை 40 ஆக நீட்டினால் வளைவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 6 மி.மீ.க்குப் பதில் 3 மி.மீ. பிட் போட்டால், அதே நீளத்தில் 16 மடங்கு.

நாள்பட ஓட்டியதில் கவனித்தவை: தேக்கில் சிலிகா இருப்பதால் கார்பைட் முனையே சீக்கிரம் மழுங்கும். நுண்தூள் ரெயில் பிளாக்கின் சீலில் அப்பிக்கொள்ளும், துடைத்த பிறகுதான் கிரீஸ் அடிக்க வேண்டும். வி.எஃப்.டி. (ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் மின் கருவி) கேபிள் ஷீல்டு இல்லாமல் ஓடியபோது, எல்லையில் மெஷினை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் சும்மா சும்மா டிரிப் ஆனது, ஷீல்டு கேபிள் போட்டு எர்த் செய்ததும் நின்றது. டயல் ரீடிங் ஒருமுறை 0.07க்கு ஏறியது, பார்த்தால் இசட் பிளேட் போல்ட் தளர்ந்திருந்தது.

8×4 அடி பிளைவுட் முழுசாக வெட்ட வேண்டியவர்களுக்கு 1325 சைஸ் (1300 × 2500 மி.மீ. வேலைப்பரப்பு) மெஷின்தான் வழி, அதை வாங்கிவிடுவதே நல்லது. வாங்கப் போகும்போது டயலையும் தராசையும் கையோடு எடுத்துப் போங்கள். கேன்ட்ரியின் நடுவில் ஸ்பிண்டிலை நிறுத்தி, இசட்டை முழுக்க இறக்கச் சொல்லி, எக்ஸிலும் ஒய்யிலும் இழுத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் மரத்துக்கு 0.15 மி.மீ. வரை ஓட்டலாம். அலுமினியம் வெட்டுவதாக இருந்தால் 0.05க்கு மேல் காட்டும் மெஷினை வாங்க வேண்டாம்.