காகிதத்துக்கு நான்கு நட்சத்திரம், பேரத்துக்கு இரண்டு

செங்குன்றத்தில் நில வேலை பார்ப்பதாகப் பலகை மாட்டியிருக்கும் இடங்களில் பாதி, ஒரு தரகர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இடம்தான். நான் எழுதப்போகும் அலுவலகம் மற்ற பாதியைச் சேர்ந்தது. ஜி.என்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ஓர் அரிசி மண்டிக்கு மேல் மாடி. படியேறும்போதே தவிட்டு வாசனை மூக்கில் ஏறும். மனைப்பிரிவு ஒப்புதல், நில அளவை, பட்டா மாறுதல், ‘விற்பனை உதவி’ என்று நான்கு வேலை செய்கிறார்கள். குறையையும் சேர்த்தே எழுதுவதால் பெயரைப் போடவில்லை.

எங்கள் நிலம் விளாங்காடுபாக்கம் பக்கம். அப்பா காலத்து நஞ்சை. அண்ணன், அக்கா, நான் என்று மூன்று பேர் பங்கு. பயிர் வைப்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை வந்த பிறகு தரகர்கள் எங்களை விடவில்லை. எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: “நஞ்சை நிலம் அம்மா, மனைக்கு ஒப்புதல் வாங்குவது பெரும்பாடு, அதனால் விலை இவ்வளவுதான்.”

இந்த அலுவலகம் முதலில் செய்த நல்ல காரியம் அந்தப் பாட்டை நிறுத்தியது. அலுவலகத்தை நடத்துபவர் நில அளவையாளர். நாற்பது வயதுக்குள் இருப்பார். சர்வே எண்ணைக் கேட்டார், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் தட்டினார், திரையை என் பக்கம் திருப்பினார். பட்டாவில் நஞ்சை என்று இருப்பது வருவாய்த் துறைக் கணக்கு. அந்த நிலத்தில் என்ன வரலாம் என்பதை முடிவு செய்வது முதன்மைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) நிலப்பயன்பாடு. எங்கள் சர்வே எண் குடியிருப்புப் பகுதியில்தான் இருந்தது. வேளாண் பகுதி என்று இருந்திருந்தால் நிலப்பயன்பாட்டு மறுவகைப்பாட்டுக்குத் தனியாக விண்ணப்பித்து, செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, அரசிதழில் வரும்வரை காத்திருக்க வேண்டும். புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் விழும் நிலமானால் மனைப்பிரிவுக்கே கட்டுப்பாடு உண்டு. எங்களுக்கு இரண்டும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளப் பைசா செலவில்லை, யாரும் பார்க்கலாம். எந்தத் தரகரும் இதைச் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆவணங்கள். தாய்ப்பத்திரம், பாகப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துப் படித்தார்கள். படித்தது பெரும்பாலும் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண். அந்த அலுவலகத்தின் உண்மையான முதலாளி அவர்தான் என்பது என் அபிப்பிராயம். பத்திரத்தில் 2 ஏக்கர் 14 சென்ட், பட்டாவில் 0.84.50 ஹெக்டேர். “அம்மா, பட்டாப்படி ஏறக்குறைய 209 சென்ட்தான். ஐந்து சென்ட் எங்கே போயிற்று?” என்றார். ஐந்து சென்ட் என்றால் ஏறக்குறைய ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி). சங்கிலி பிடித்து அளந்ததில், மேற்கே ஓடும் பாசன வாய்க்கால் புறம்போக்கை அப்பா காலத்தில் சேர்த்து உழுதிருப்பது தெரிந்தது. ஒப்புதலுக்குப் போகும்போது பத்திரம், பட்டா, தரையில் உள்ள அளவு மூன்றில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இது தெரியாமல் 214 சென்டுக்கு ஒப்பந்தம் எழுதியிருந்தால் பிறகு பிடித்தம், வழக்கு என்று இழுத்திருக்கும்.

பிறகு நடந்ததுதான் எனக்குக் கொடுத்த காசுக்கு மேல் பெறுமானம். புலப்படத்தின் நகல் ஒன்றை எடுத்து, பென்சிலால் நடுவில் ஒரு சாலை வரைந்தார் அந்த அளவையாளர். அதிலிருந்து இரண்டு குறுக்குச் சாலை. வாய்க்கால் பக்கம் முக்கோணமாக ஒரு மூலை மிஞ்சியது. அதற்குள் ‘பூங்கா’ என்று எழுதினார். 209 சென்ட் என்றால் சுமார் 91,000 சதுர அடி. சாலைகளுக்கு 25,000 போயிற்று. நிலம் 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருப்பதால், சாலை போக மீதியில் பத்து சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு, அது 6,600. கடைசியில் விற்கக்கூடிய மனை 60,000 சதுர அடிக்குக் கொஞ்சம் கீழே, இருபத்தைந்து கிரவுண்டு கூட முழுதாக வரவில்லை. அண்ணன் அதுவரை முப்பத்தெட்டு கிரவுண்டு என்று மனதுக்குள் பெருக்கி வைத்திருந்தார். தொலைபேசியில் சொன்னதும் சிறிது நேரம் பேச்சே இல்லை. அதன் பிறகு எங்கள் மூவருக்குள் விலையைப் பற்றிச் சண்டை வரவில்லை. அதற்கே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

நிலம் 10,000 சதுர மீட்டருக்குள் இருந்ததால் திறந்தவெளிக்கு இடம் விடாமல் அரசின் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டும் வழியும் உண்டு. இரண்டுக்கும் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த முக்கோண மூலையில் எப்படியும் உருப்படியான மனை வராது, இடமாகவே விட்டுவிடலாம் என்று அவர் சொன்ன யோசனை சரியானதாகவே பட்டது.

சி.எம்.டி.ஏ. ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி அனுமதியை மட்டும் காட்டி விற்ற பழைய ‘பஞ்சாயத்து ஒப்புதல்’ மனைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் வடசென்னையை ஒட்டிய ஊர்களில் இன்னமும் அந்தப் பேச்சு ஓயவில்லை. எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரர் அப்படித்தான் கல் நட்டு விற்றார். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவை நிறுத்தியதும் வாங்கியவர்கள் திண்டாடிப்போனார்கள். 2017இல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. அதுவும் 2016 அக்டோபர் 20 வரை விற்பனையான மனை உள்ள பிரிவுகளுக்கு மட்டும். “நாமும் அப்படியே பிரித்து விற்றால் என்ன?” என்று அக்கா கேட்டதற்கு அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு கட்டு வரன்முறைக் கோப்புகளைத் தூக்கிக் காட்டினார். அதற்கு மேல் அக்கா கேட்கவில்லை.

வாங்க வந்த மனை வணிகர் முதலில் கேட்டது, எங்கள் சார்பில் அவரே நிலத்தை விற்க இடம் தரும் பொது அதிகாரப் பத்திரம். சிறிய முன்பணம், பெரிய அதிகாரம். அதைத் தடுத்ததும் இந்த அலுவலகம்தான். விண்ணப்பம் எங்கள் பெயரில், கட்டணமும் செலவும் வாங்குபவருடையது, விலை பட்டா அளவுக்கு, ஒப்புதலுக்குக் காலக்கெடு, கெடு தாண்டினால் ஒப்பந்தம் ரத்து, அசல் ஆவணங்கள் கிரயம் வரை எங்களிடம் என்று ஒரு விற்பனை ஒப்பந்தம் தயாரித்துக் கொடுத்தார்கள். சாலைகளையும் பூங்காவையும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கும் தானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் நாங்கள் மூவரும்தான். அப்பா உழுத நிலத்தில் பிள்ளைகள் ஊருக்குச் சாலை தானம் செய்தோம் என்று அக்கா இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். சட்டம் கட்டாயப்படுத்தியது என்று நான் திருத்துவதில்லை.

நடுவில் ஒரு கூத்து. ஒப்புதல் வருவதற்கு முன்பே அந்த வணிகர் செங்குன்றம் பேருந்து நிலையத்தில் துண்டுப் பிரசுரம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. மனை பிரிக்கிறவர் ஒருவர், விற்கிறவர் வேறொருவர் என்றாலும் இருவரையுமே மேம்பாட்டாளராகக் கருதிப் பொறுப்பாக்க ரெரா சட்டத்தில் இடம் உண்டு. விண்ணப்பமோ எங்கள் பெயரில் இருந்தது. அலுவலகப் பெண் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் கையிலேயே ஒரு பிரசுரம் கிடைத்திருக்கிறது. அன்று மாலையே எழுத்துமூலம் ஆட்சேபணை அனுப்பி, விநியோகத்தை நிறுத்த வைத்தார். சம்பளம் வாங்கும் ஊழியர் இவ்வளவு அக்கறை காட்டுவதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றுதான் அதிக நாள் எடுத்தது. புழல் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூருக்குப் போகிற பூமி இது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் என்ன ஆயிற்று என்பது ஊருக்கே தெரியும். நிலத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும், வாய்க்காலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்டுத்தான் சான்று தந்தார்கள். இந்தத் தாமதத்துக்கு அலுவலகத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது ‘விற்பனை உதவி’யை. காகித வேலையில் அவ்வளவு கறாராக இருந்த அளவையாளர், முதலில் தானே ஓர் ஆளை வாங்கக் கூட்டி வந்தபோது வேறு ஆளாகிவிட்டார். “இந்த விலைக்கு மேல் யாரும் தர மாட்டார்கள், அம்மா” என்று தரகர் பாட்டையே அவரும் பாடினார். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவர் யாருக்காகப் பேசுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அந்த ஆளை நாங்கள் விட்டுவிட்டோம். கடைசியில் வாங்கிய, மேலே சொன்ன மனை வணிகர் அக்காவின் தெருக்காரர் மூலம் வந்தவர், கூடுதல் விலைக்கு. அதற்காக அளவையாளர் முகம் சுளித்தாரே தவிர, கோப்பு வேலையைக் கெடுக்கவில்லை.

இன்னும் சில. தொலைபேசியை எடுக்க மாட்டார். முகூர்த்த நாளில் நேரில் போனாலும் பார்க்க முடியாது, எல்லோரும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருப்பார்கள். பட்டாவும் புலப்படமும் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைப்பவை. இங்கே அவற்றை அச்செடுத்துக் கொடுக்கவும் காசு. கேட்டால்தான் ரசீது. ஆனால் ‘மேல் செலவு’ என்று தனியாக ஒரு தொகை கேட்கவில்லை, கட்டிய ஒவ்வொரு அரசுக் கட்டணத்துக்கும் ரசீது நகல் தந்தார்கள். ஆவணங்களைப் படித்து எழுத்தில் கருத்துச் சொல்ல 8,000 ரூபாய் வாங்கினார்கள். அளவைக்கும் விண்ணப்பத்துக்கும் தனிக் கட்டணம்.

வருமான வரியைப் பற்றிக் கேட்டபோது “அது என் வேலை இல்லை, தணிக்கையாளரைப் பாருங்கள்” என்று நேராகச் சொன்னார். அதுவும் நல்லதுதான். நஞ்சை நிலம், வரி கிடையாது என்று ஊரில் சொல்வதை நம்பியிருந்தோம். சென்னை மாநகராட்சி எல்லையிலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலத்துக்கு அந்த விலக்கு இல்லை என்று தணிக்கையாளர்தான் விளக்கினார்.

நிலம் விற்கும் எண்ணம் இருப்பவர்கள் ஆள் தேடுவதற்கு முன்பே இவர்களிடம் காகிதத்தைக் காட்டுங்கள். அந்தப் பெண் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். காலை பத்து மணிக்கு மேல் இருப்பார். முதல் முறை அசல் தேவையில்லை, நகல் போதும். நகலை வீட்டுப் பக்கமே எடுத்துக்கொண்டு போங்கள், கீழே உள்ள கடையில் பக்கத்துக்கு இரட்டை விலை.