மணிலா மேயர் தேர்தல் 2025: இஸ்கோவா, லகுனாவா, வெர்சோசாவா?

2025 மே 12 அன்னிக்கு பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவோட மேயர் பதவிக்கு நிறைய பேர் நின்னாங்க, ஆனா நெஜமான போட்டி மூணு பேருக்குள்ளதான். இஸ்கோ மொரேனோவுக்கு சுமார் 5 லட்சத்து 30 ஆயிரம் ஓட்டு, பதவில இருந்த டாக்டர் ஹனி லகுனாவுக்கு சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம், சாம் வெர்சோசாவுக்கு 1 லட்சத்து 64 ஆயிரம் பக்கம். இந்த வித்தியாசத்த பாத்துட்டு லகுனா மூணு வருஷம் ஒண்ணுமே பண்ணலன்னு நெறைய பேர் சொல்றாங்க, எனக்கு அது சரியா படல.

மொதல்ல இஸ்கோ. மணிலாவோட ஏழை ஏரியாவான டோண்டோல வளந்தவரு, சின்ன வயசுல குப்பை பொறுக்கினவரு, அப்புறம் சினிமா, 1998ல கவுன்சிலர், 2007ல வைஸ் மேயர், 2019ல முன்னாள் ஜனாதிபதி எஸ்ட்ராடாவையே தோக்கடிச்சு மேயர். வந்த ஒடனே திவிசோரியாங்கற மார்க்கெட் ஏரியா ரோட்டுல இருந்த கடைகள எல்லாம் எடுக்க வச்சாரு, வருஷக்கணக்கா வண்டி போக முடியாத தெருல திடீர்னு ரோடு தெரிஞ்சுது. அந்த பேருதான் இன்னிக்கு வரைக்கும் அவர தூக்கி நிறுத்துது. ஆனா அந்த ரோட்டுல யாவாரம் பண்ணி வயித்த கழுவினவங்க எங்க போனாங்கங்கறதையும் சேத்துதான் கணக்கு போடணும். அடுத்தது கட்டடம், டோண்டோமினியம், பினோண்டோமினியம்னு ஏழைங்களுக்கு அடுக்குமாடி, டோண்டோமினியத்துல ஒவ்வொரு வீடும் 44 சதுர மீட்டர், ரெண்டு பெட்ரூம், ஒரே ரூம்ல குடும்பமே படுத்து எந்திரிச்சவங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்! 10 மாடில புது ஆஸ்பத்திரியும் கட்டினாரு. எல்லாமே நல்ல வேலை, நான் இல்லன்னு சொல்லல, ஆனா கடன் வாங்கி செஞ்ச வேலை. அதுக்கு மேல ஒரே டெர்ம்ல மேயர் பதவிய விட்டுட்டு 2022ல ஜனாதிபதி தேர்தலுக்கு போய் நாலாவதா வந்தாரு.

அந்த கடன் போய் விழுந்தது லகுனா தலைல. மணிலாவோட மொத பெண் மேயர், தொழில் டாக்டர், அப்பா டேனி லகுனாவும் வைஸ் மேயரா இருந்தவரு. முந்தைய ஆட்சி விட்டுட்டு போன கடன் 1780 கோடி பெசோன்னு அந்தம்மா திரும்ப திரும்ப சொன்னாங்க. தவணை கட்டிக்கிட்டே ஹெல்த் சென்டர், சீனியர் சிட்டிசன் உதவித்தொகைன்னு சத்தமில்லாம ஓட்டினாங்க, இந்த மாதிரி நிர்வாகம் கேமராவுக்கு அழகா இருக்காது, ஆனா ஊருக்கு தேவை. சரி, இவ்ளோ செஞ்சும் ஏன் தோத்தாங்கன்னா குப்பை. 2025 புது வருஷத்துக்கு பழைய கான்ட்ராக்டர் போய் புது கான்ட்ராக்டர் வர்ற நேரத்துல, பண்டிகை குப்பை மொத்தமும் தெருமுனைல மலையா நின்னுச்சு. நாத்தம் புடிச்ச மூட்டைய தாண்டி வேலைக்கு போறவன்கிட்ட போய் கடன் தவணை கணக்க எடுத்து சொன்னா காதுல ஏறுமா? தேர்தலுக்கு நாலே மாசம் இருக்கறப்ப இது நடந்தது. அப்புறம் பதவிக்கு வந்த இஸ்கோ, குப்பை அள்ளின கம்பெனிங்களுக்கு மட்டும் கிட்டத்தட்ட 95 கோடி பெசோ பாக்கி இருக்குன்னு சொன்னாரு. கடன அடைக்கறேன்னு குப்பைக்கு பாக்கி வைக்கறது என்னை பொறுத்தவரை மன்னிக்க முடியாத தப்பு, ஒரு நகரத்தோட மொத கடமையே அதுதான்.

வெர்சோசா பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. அழகு சாதன டைரக்ட் செல்லிங்ல பெரிய பணம் பாத்தவரு, பார்ட்டி லிஸ்ட்ங்கற கட்சி பட்டியல் ஓட்டு மூலமா நாடாளுமன்றம் போனவரு, டிவில கஷ்டப்படறவங்களுக்கு உதவி பண்ற ஷோ நடத்தினவரு. 'பணக்காரரு, திருட வேண்டிய அவசியம் இல்ல'ங்கறத நான் ஏத்துக்க மாட்டேன். சொந்த காசுல பண உதவி குடுக்கறவரோட மனசு நல்லதா இருக்கலாம், ஆனா டிரெய்னேஜ், டிராபிக், சம்பள பட்டுவாடா இதெல்லாம் பாக்கெட்ல இருந்து எடுத்து குடுக்கற விஷயம் இல்ல.

சரி, மூணுல எது? நான் அங்க ஓட்டராவே இருந்திருந்தாலும் வெர்சோசா பக்கம் போயிருக்க மாட்டேன். மத்த ரெண்டு பேருல பாதி மனசோட இஸ்கோவுக்குதான் போட்டிருப்பேன், தெரு சுத்தமாகும்ங்கற ஒரே நம்பிக்கைல. மேயருக்கு மூணு வருஷ டெர்ம், தொடர்ந்து மூணு தடவ வரைக்கும் நிக்கலாம், அதனால இந்த தடவயாவது பாதில போகாம இருக்கணும்.

ஆனா யாரும் பெருசா பேசாத ஒண்ணு இருக்கு. ஒரே நீள ஓட்டுச் சீட்டுல 12 செனட்டர்ல ஆரம்பிச்சு மேயர், வைஸ் மேயர், கவுன்சிலர் 6 பேர் வரைக்கும் முட்டை வட்டத்த நெரப்பிக்கிட்டே வரணும், கடைசிக்கு வர்றப்ப தெரிஞ்ச பேர பாத்து போட்டுட்டு போயிடுவாங்க. மணிலால 6 டிஸ்ட்ரிக்ட், டிஸ்ட்ரிக்ட்டுக்கு 6 பேர்னு 36 கவுன்சிலர், அந்த கவுன்சில் அனுமதி குடுக்காம மேயர் கடன் வாங்கவே முடியாது. கவுன்சில் கூட்டத்த நடத்தறது வைஸ் மேயர். 2019ல இருந்து 2022 வரைக்கும் அந்த நாற்காலில இருந்தது யாரு? இதே லகுனாதான். அந்த கடனுக்கு அனுமதி குடுத்த கூட்டத்துக்கு தலைமை வகிச்சவங்களே அப்புறம் கடன் கடன்னு சொன்னா ஜனங்க எப்படி நம்புவாங்க. இப்ப அந்த நாற்காலில முன்னாள் மேயர் லிட்டோ அடியென்சாவோட பொண்ணு சி அடியென்சா உக்காந்திருக்காங்க, இஸ்கோ டிக்கெட்லயே ஜெயிச்சவங்க. அடுத்த கடன் தீர்மானம் வர்றப்ப வட்டி எவ்ளோ, எத்தன வருஷம், குப்பை பில்லுக்கு மிச்சம் எவ்ளோன்னு அந்த 36 பேருல எத்தன பேர் எந்திரிச்சு கேக்கறாங்கன்னுதான் நான் பாக்க போறேன்.