மெடலின் கேபிள் காரா, ரியோ காவல் முகாமா?

நகர வன்முறையைக் குறைக்கப் போக்குவரத்து முதலா, காவல் முதலா என்று தடுமாறும் நகரத் திட்டமிடல் மாணவர்களுக்காக, கொலம்பியாவின் மெடலினையும் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவையும் அருகருகே வைக்கிறேன்.

வேகம்: ரியோவில் 2008 டிசம்பரில் ஏழைகள் குடியிருக்கும் சாந்தா மார்த்தா குன்றில் தொடங்கிய நிரந்தரக் காவல் முகாம்கள், 2014-க்குள் 38 ஆகப் பெருகின.
மெடலினில் 2004-இல் திறந்த கேபிள் கார் (கம்பிவடத்தில் தொங்கி ஓடும் பெட்டிகள்), வடகிழக்கில் ஏழைகள் வாழும் குன்று ஒன்றை மட்டுமே எட்டியது.

நீடிப்பு: மெடலினில் குன்றின் மேல் பெட்டியில் ஏறுபவர் மெட்ரோ நிலையத்திலேயே இறங்கி, வேறு சீட்டு வாங்காமல் வேலைக்குப் போகிறார், அதனால்தான் அது இன்றும் ஓடுகிறது.
ரியோவிலோ, 2013-இல் ரோசிஞ்யா என்ற குன்றுக் குடியிருப்பில் முகாம் காவலர் அழைத்துச் சென்ற கட்டடத் தொழிலாளி திரும்பவே இல்லை. முகாம்கள் மீதிருந்த நம்பிக்கையும் அத்துடன் சரிந்தது.

கேபிள் கார் மந்திரக்கோல் அன்று: ரியோ 2011-இல் அலெமாவ் குன்றுகளில் விட்ட கேபிள் கார் 2016-இல் நின்றுபோனது. மெடலினைப் புகழ்வோரும் 2002-இல் அதன் மேற்குக் குன்றில் ராணுவம் நடத்திய கொடிய நடவடிக்கையைச் சொல்வதில்லை.

துப்பாக்கிச் சூட்டை உடனே நிறுத்த வேண்டிய குன்றுக்கு, காவலரைக் கண்காணிக்கும் ஏற்பாடு இருந்தால் மட்டும், ரியோ வழி பொருந்தும். வேலையும் பள்ளியும் தொலைவில் இருப்பதே சிக்கலாக உள்ள குன்றுக்கு மெடலின் வழி.