கோலெட்டின் பிடியும் கூட்டின் நீளமும்: ஒரு டிரிம்மரோடு நெடுநாள் பழகிய அனுபவம்

தோட்டாவின் பித்தளைக் கூட்டை அளவான நீளத்துக்கு வெட்டும் என் கேஸ் டிரிம்மரின் வெட்டலகை அண்மையில் மாற்றினேன். பழைய அலகு மழுங்கிப் போய், பித்தளையை வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்கத் தொடங்கியிருந்தது. கைப்பிடியைச் சுற்றும்போது உள்ளங்கையில் உறைத்த கரகரப்பும், கூட்டின் வாயோரத்தில் சுருண்டு நின்ற தடித்த பிசிறும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தன. புதிய அலகு வந்ததும் வெட்டு வழவழப்பாயிற்று, பிசிறு மெல்லியதாயிற்று. ஆனால் இந்தப் பொறியோடு எனக்கு நெடுநாளாக இருந்துவரும் வழக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரே அமைப்பில் வெட்டிய கூடுகளை வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் நீளம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சுட்ட கூடுகளில் மீண்டும் வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாக்களை மறுநிரப்பத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் எந்த டிரிம்மரை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது சிறு லேத் வடிவிலான, கையால் சுற்றும் வகை. ஒரு முனையில் கூட்டின் அடிவிளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கோலெட். மறுமுனையில், குண்டு உட்காரும் கழுத்துக்குள் நுழைந்து நடுவை ஒழுங்குபடுத்தும் பைலட் என்ற தண்டும் அதைச் சூழ்ந்த வெட்டலகும். வெட்டு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அச்சின்மேல் ஒரு தடுப்பு வளையம். பைலட்டை மட்டும் மாற்றிக்கொண்டால் பெரும்பாலான தோட்டா வகைகளுக்கு இந்த ஒரே பொறி போதும். வார்ப்பிரும்பு உடல் என்பதால் மேசையில் முடுக்கிவிட்டால் அசையாது. துருப்பிடிக்காமல் ஒரு துளி எண்ணெய் விட்டு வைத்தால் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும் என்று தயங்காமல் சொல்வேன். கழுத்தை நடுப்பிசகாமல் வெட்டுவதில் இதைவிட விலை கூடிய பொறிகளுக்கும் இது சளைத்ததில்லை. வெட்டிய வாயை ஒளிக்கு எதிரே பிடித்துத் திருப்பினால் சுற்றிலும் ஒரே அகலத்தில் புதுப் பித்தளையின் மஞ்சள் வளையம் தெரியும். அந்த வளையம் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்திருந்தால், பெரும்பாலும் கழுத்துச் சுவரே சீரற்றது என்று பொருள். பழி பொறியின் மேல் இல்லை.

இத்தனை நல்ல பொறியின் மேல் எனக்கு ஏன் கோபம் என்றால், எல்லாம் அந்தக் கோலெட்டால்தான். அதன் வேலை நடக்கும் முறையைப் பாருங்கள். பின்புறத் திருகைச் சுழற்றும்போது, பிளவுபட்ட கோலெட் ஒரு கூம்பு வடிவ உறைக்குள் பின்னோக்கி இழுக்கப்படுகிறது. உள்ளே போகப் போக அதன் தாடைகள் நெருங்கிக் கூட்டின் விளிம்பை இறுக்குகின்றன. அதாவது இறுகுவதும் பின்னோக்கி நகர்வதும் இங்கே ஒரே செயல். ஒன்று நடக்காமல் மற்றது நடவாது. விளிம்பின் விட்டம் சற்றுப் பெரிதாக உள்ள கூடு வந்தால் தாடைகள் முன்கூட்டியே இறுகிவிடும், கூடு அலகுக்கு அருகிலேயே நின்றுவிடும், ஆகவே நீளம் குறைவாக வெட்டப்படும். விட்டம் சிறிதாக உள்ள கூட்டில் கோலெட் இன்னும் உள்ளே போகும், கூடு அலகை விட்டு விலகும், நீளம் கூடிவிடும். வேறுவேறு நிறுவனங்களின் கூடுகளை ஒரே தட்டில் கலந்து வைத்திருப்பவருக்கு இது ஓயாத தலைவலி.

விளிம்பு ஒரே அளவாக இருந்துவிட்டாலும் தொல்லை தீர்வதில்லை. கையின் பலமும் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் ஒரே கூட்டை எடுத்துச் சோதிக்கலாம். மிதமாக இறுக்கி வெட்டி, நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கோலெட்டைத் தளர்த்தி, தடுப்பு வளையத்தைத் தொடாமல், அதே கூட்டை முன்பு இறுக்கியதைவிடச் சற்று மென்மையாக இறுக்கி மறுபடி சுற்றுங்கள். ஏற்கெனவே வெட்டி முடித்த வாயிலிருந்து மீண்டும் ஒரு மெல்லிய சீவல் உதிர்வதைப் பார்ப்பீர்கள். என் பொறியில் இந்த வேறுபாடு 0.05 மி.மீ. அளவில் எளிதாக வந்துவிடும். கலந்த கூடுகளில் 0.1 மி.மீ. வரைக்கும் போகும். மாலைநேரச் சோர்வில் வெட்டிய கூடுகளும் காலையில் வெட்டிய கூடுகளும் வேறு வேறு நீளத்தில் இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். இந்த வேறுபாட்டால் ஆபத்து உண்டா? இல்லை. .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவின் கூட்டுக்கு உச்ச நீளம் 51.18 மி.மீ.; வழக்கமாக வெட்டிக்கொள்ளும் அளவு 50.93 மி.மீ. இடையில் கால் மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. .223 ரெமிங்டனிலும் அதே இடைவெளிதான்: 44.70க்கும் 44.45க்கும் நடுவே. திரும்பத் திரும்பச் சுட்டு நிரப்பும் கூடு உச்ச நீளத்தைக் கடந்து வளர்ந்துவிட்டால், துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் முன்பகுதியில் அதன் வாய் முட்டி, குண்டைச் சுற்றி நெருக்கப்பட்டு, குண்டு விடுபட முடியாமல் அழுத்தம் ஏறும். டிரிம்மர் என்ற பொருள் இருப்பதே அந்த ஆபத்தைத் தடுப்பதற்காகத்தான். அந்த வேலையை என் பொறி ஒருநாளும் தவறவிட்டதில்லை. கழுத்தைக் குண்டின்மேல் மடித்து இறுக்காமல் விடுபவர்களுக்கு, 0.1 மி.மீ. வேறுபாடு இலக்குப் பலகையில் தெரியும் என்று நான் சாதிக்க மாட்டேன். குண்டைச் சுற்றியுள்ள வரிப்பள்ளத்தில் கூட்டின் வாயை மடித்து இறுக்குபவர்களின் நிலை வேறு. நீளம் மாறினால் மடிப்பின் அழுத்தமும் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். அவர்கள் என்னோடு சேர்ந்து கோபப்பட உரிமை உள்ளவர்கள்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீளத்தைச் சீராக்குவதற்கென்றே வாங்கிய பொறி நீளத்தைத் தவிர மற்ற அனைத்தையும் சீராகச் செய்கிறது என்றால், அந்தக் குறை அபாயமற்றது என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வது எனக்கு இயலாததாக இருக்கிறது.

சமாளிக்க வழிகள் உண்டு. ஒரே நிறுவனத்தின், ஒரே தொகுப்பில் வந்த கூடுகளைப் பிரித்து வைத்து வெட்டினால் வேறுபாடு பாதிக்கும் கீழே குறைகிறது. சுட்ட கூட்டை வெளியே எடுக்கும் துப்பாக்கியின் கொக்கி இழுத்ததால் விளிம்பில் எழும் சிறு பிசிறை நுண்ணரத்தால் ஒருமுறை வருடி எடுத்துவிட்டால் இன்னும் நன்று. அந்தப் பிசிறு ஒரு புறமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது கூடே சாய்வாக உட்கார்ந்துவிடும். திருகைச் சுழற்றுவதில் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. தாடை விளிம்பைத் தொட்ட உணர்விலிருந்து ஒரே அளவு திருப்பம், அதற்கு மேல் இல்லை. ஆனால் பயனருடைய கையைப் பழக்கிக்கொண்டு தன் குறையை மறைக்கும் பொறியைத் துல்லியமானது என்று எப்படி அழைப்பது?

பைலட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சுட்டு விரிந்த கூட்டை மீண்டும் அளவுக்குச் சுருக்கும் அச்சுக்கு டை என்று பெயர். கழுத்தை உள்ளிருந்து விரித்துவிடும் விரிகுண்டு இல்லாத டையில் கழுத்தைச் சுருக்குபவர்களுக்கு, அளவுக்கேற்ற பைலட் என்று விற்கப்படுவதும் இறுக்கமாகவே இருக்கும். வலிந்து நுழைத்தால் பித்தளை அதன்மேல் அப்பிக்கொள்ளும். அதன்பின் ஒவ்வொரு கூட்டின் உட்சுவரிலும் கீறல்தான். ஒரு சொட்டு மசகு போதும், அல்லது பைலட்டைச் சுழற்றி மிக நுண்ணிய உப்புத்தாளால் துளி குறைத்துக்கொள்ளலாம். சீவல்கள் வேறு தனித் தொல்லை. விரல் நுனியில் ஏறிய பித்தளை நூல் கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் மட்டும் குத்தும். கூட்டுக்குள் விழுந்த சீவலைத் தட்டி உதறாமல் வெடிமருந்து நிரப்பக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மற்ற வகைகளை நண்பர்களின் மேசைகளில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். விலையில் மிகக் குறைந்தது லீ நிறுவனத்தின் அளவுக்கம்பி வகை. அதில் அலகோடு இணைந்த மெல்லிய கம்பி, கூட்டின் அடியில் தீப்பொறி புகுவதற்கான தீத்துளை வழியே இறங்கிப் பிடிப்பானின் தளத்தில் முட்டி நிற்கும். கூட்டை எவ்வளவு இறுக்கினாலும் கம்பியின் நீளம் மாறாது என்பதால், என் பொறியின் விலையில் மிகச் சிறு பங்கே ஆகும் அந்தப் பொருள் என் பொறியைவிடச் சீரான நீளத்தைத் தருகிறது. இதை எழுதும்போது எரிச்சல் வராமலில்லை. ஆனால் அதில் நீளத்தை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு தோட்டா வகைக்கும் தனிக் கம்பி வாங்க வேண்டும். எல்.இ. வில்சன் வகையில் கூட்டின் உடலைச் சரிவான உறை ஒன்று தாங்குகிறது, விளிம்பை எதுவும் கவ்வுவதில்லை, அடி நேராகத் தடுப்புத் திருகில் போய் மோதுகிறது. துல்லியத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஒவ்வொரு கூட்டையும் உறைக்குள் தட்டி, வெட்டிய பின் தட்டி எடுக்கும் பொறுமைதான் வேண்டும்.

கழுத்துக்குக் கீழே கூடு சரிந்து அகலும் தோளை ஆதாரமாகக் கொண்டு வெட்டும் வகை முற்றிலும் வேறு. கூட்டைக் கையில் பிடித்து, துரப்பணத்தில் பொருத்திய தலைக்குள் நுழைத்தால், தோள் உள்ளே போய் முட்டும் இடமே தடுப்பு. இறுக்கவோ தளர்த்தவோ எதுவும் இல்லை. நான் ஒரு கூட்டைக் கோலெட்டிலிருந்து விடுவிக்கும் நேரத்தில் அதில் பல கூடுகள் முடிந்துவிடும். விலை உயர்ந்தவற்றில் மும்முனை அலகு வெட்டுவதோடு உள்சரிவையும் வெளிப்பிசிறையும் ஒரே முறையில் முடித்துவிடுகிறது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அடியிலிருந்து தோள்வரை உள்ள தூரம் கூட்டுக்குக் கூடு மாறினால் அந்த மாற்றம் அப்படியே மொத்த நீளத்திலும் வந்து சேரும். ஆகவே டையில் முழுமையாகச் சுருக்கிய பின்புதான் அதில் வெட்ட வேண்டும். மசகைத் துடைக்காமல் நுழைத்தால் தோளில் ஒட்டும் சீவலே அளவைக் கெடுத்துவிடும்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் யோசிக்கலாம். ஒவ்வொரு முறையும் வெட்ட வேண்டியிருக்கிறது என்றால், டிரிம்மரைவிட டையின் அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தோளைத் தேவைக்கு மேல் பின்தள்ளினால் கூடு சுடும்போது நீண்டு, சுருக்கும்போது கழுத்துப் பக்கமாக வழிகிறது. வாயில் நாம் வெட்டியெறியும் பித்தளை அடிப்பகுதிக்கு மேலுள்ள சுவரிலிருந்து வந்தது; அங்கே சுவர் மெலிந்துகொண்டே வந்து, ஒருநாள் கூடு இரண்டாக அறும். தோளை 0.05 மி.மீ. மட்டும் பின்தள்ளும்படி டையை அமைத்தபின் என் கூடுகள் வளர்வது வெகுவாகக் குறைந்தது, டிரிம்மரின் முகத்தில் விழிக்கும் வேளைகளும் அதோடு குறைந்தன. அடிக்கு மேலே வெளிப்புறம் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தாலோ, முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு வருடும்போது பள்ளம் தட்டுப்பட்டாலோ, அந்தக் கூட்டை வெட்டிக்கொண்டிருக்காமல் குப்பையில் போடுங்கள்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: ஒரே ஒரு ரைஃபிள் தோட்டாவை நிறைய நிரப்புபவர் தோளில் முட்டி நிற்கும் வகையை வாங்கட்டும். பல வகைகளைச் சிறு அளவில் நிரப்புபவர் லேத் வகையை வாங்கலாம், ஆனால் விளிம்பைக் கோலெட்டால் கவ்வும் பொறியாக அது இருக்க வேண்டாம். கட்டமைப்பு, ஆயுள், வெட்டின் நேர்த்தி என்று மேலே நான் புகழ்ந்தவை எல்லாம் உண்மை; இருந்தும் வாங்காதீர்கள் என்றே சொல்கிறேன். என்னுடையதை நான் விற்கப் போவதில்லை, புதிய அலகு வேறு போட்டாகிவிட்டது. கைத்துப்பாக்கித் தோட்டா மட்டும் நிரப்புவதாக இருந்தால் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், 9 மி.மீ. போன்ற நேர்ச்சுவர்க் கூடுகள் வளர்வதே அரிது, ரிவால்வர் தோட்டாவின் வாயை மடித்து இறுக்கும் நிலை வரும்போது மீண்டும் கேளுங்கள்.